எப்போது முடியும் என்று தெரியாத இசை

திரைப்பட இசை ஆல்பங்களைச் சேகரிப்பவர்களிடையே ஓயாத ஒரு சண்டை உண்டு. ஜான் வில்லியம்ஸ் தன் படங்களின் இசையை ஆல்பமாக்கும்போது படத்தில் வரும் வரிசையைப் பெரும்பாலும் பின்பற்றுவதில்லை. துண்டுகளை இடம் மாற்றுவார், இரண்டை ஒன்றாகத் தைப்பார், சிலவற்றை விட்டே விடுவார். உட்கார்ந்து கேட்க எது நன்றாக இருக்குமோ அதுதான் வரிசை. ரசிகர்களில் ஒரு சாராருக்கு இது அறவே பிடிக்காது. படத்தில் ஒலித்த ஒவ்வொரு நொடியும் ஒலித்த வரிசையிலேயே வேண்டும் அவர்களுக்கு. பழைய ஆல்பம் பல வருஷம் கழித்து இரு மடங்கு நீளத்தில் 'முழுமையான பதிப்பு' என்று மறுபடி வரும். அதையும் வாங்குவார்கள், அதிலும் ஒரு துண்டு விட்டுப்போச்சு என்பார்கள்.

இந்தச் சண்டையில் நான் வில்லியம்ஸ் பக்கம். ஏன் என்று சொல்ல கொஞ்சம் சுற்றி வர வேண்டும். வழி வீடியோ கேம்களின் ஊடாகப் போகிறது.

சினிமாவுக்கு இசையமைப்பவருக்குப் பொதுவாகக் காலம் தெரியும். படத்தொகுப்பு முடிந்த காட்சி அவர் முன்னால் இருக்கிறது. கதவு எந்த நொடியில் திறக்கும், அவள் எந்த நொடியில் திரும்பிப் பார்ப்பாள் எல்லாமே தீர்மானமாகிவிட்டது. அந்த நொடிகளுக்கு நடுவில் அவர் வேலை செய்கிறார். பெர்னார்ட் ஹெர்மன் 'சைக்கோ'வுக்கு (1960) வெறும் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதினார். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பதுதான் ஹிட்ச்காக்கின் முதல் எண்ணம். ஹெர்மன் கேட்கவில்லை, எழுதிக் காட்டினார். அதற்கப்புறம் ஹிட்ச்காக் மனதை மாற்றிக்கொண்டார். அந்தக் கீறல் ஒலி இல்லாமல் அந்தக் காட்சியை இன்று நினைத்துப் பார்க்கக்கூட முடியாது.

எனக்கு இதில் சுவாரஸ்யமானது பிறகு நடந்ததுதான். 1975-ல் ஹெர்மன் அதே இசையை லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தி மறுபடி பதிவு செய்தார். படத்தில் உள்ளதைவிட அந்தப் பதிவின் வேகம் தெளிவாகவே குறைவு. படத்தோடு ஒப்பிட்டு 'இது சரியில்லையே' என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்சியின் கெடு இல்லாதபோது அந்த இசை எப்படி மூச்சுவிடும் என்று எழுதியவரே காட்டுகிறார். பயத்துக்குக் கீழே ஒரு துக்கம் இருந்தது அந்தப் பதிவில்தான் எனக்குக் கேட்டது. படத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

காலத்தை இசையே தீர்மானித்த விதிவிலக்குகளும் உண்டு. 'இ.டி.' (1982) படத்தின் கடைசிப் பகுதியில் காட்சியோடு நொடிக்கு நொடி பொருந்தி வாசிப்பது சிரமமாக இருந்தபோது, படத்தைப் பார்க்காமல் உங்கள் போக்கில் நடத்துங்கள் என்று வில்லியம்ஸிடம் ஸ்பீல்பெர்க் சொன்னார். அந்த வாசிப்புக்கு ஏற்றபடி படத்தை வெட்டிக்கொண்டார். 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) படத்துக்கு என்னியோ மோரிகோனே படப்பிடிப்புக்கு முன்பே இசையை எழுதிவிட்டார். செர்ஜியோ லியோனே அதைத் தளத்தில் ஒலிக்கவிட்டுப் படம் எடுத்தார். இந்த இரண்டும் தனியாகக் கேட்கும்போதும் அவ்வளவு முழுசாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இசை தன் வாக்கியத்தை முடிக்கும்வரை படம் காத்திருந்தது.

*

வீடியோ கேமுக்கு எழுதுபவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. நீங்கள் ஒரு குகைக்குள் நுழைகிறீர்கள். பத்து நொடியில் வெளியே வரலாம். வழி தெரியாமல் முக்கால் மணி நேரம் சுற்றலாம். அல்லது கேமை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். இசை அத்தனைக்கும் ஈடு கொடுக்க வேண்டும்.

1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இசைக்கு கோஜி கொண்டோவிடம் இருந்தது நான்கே தடங்கள்: மெட்டுக்கும் துணைக்குரலுக்கும் இரண்டு சதுர அலைகள், பேஸுக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு வெறும் இரைச்சல். மாரியோ குதிக்கும்போது வரும் ஒலிக்கும் இதே தடங்களில் ஒன்றுதான் வேண்டும். அதனால் ஒவ்வொரு குதிப்புக்கும் இசையில் ஒரு குரல் அரைக் கணம் வாயை மூடிக்கொள்ளும். எண்ணி எண்ணிக் குதித்துக்கொண்டே இருப்பதால் இந்த ஓட்டைகள் நம் காதில் விழுவதில்லை. நேரம் 100-க்குக் கீழே இறங்கினால் மொத்தமும் வேகமெடுக்கும். ஆக நீங்கள் கேட்ட மாரியோ இசையும் நான் கேட்ட மாரியோ இசையும் ஒன்றல்ல. உங்கள் குதிப்புகளும் உங்கள் பதற்றமும் உங்களுடையதில் கலந்திருக்கின்றன. ஆல்பத்தில் இருப்பது யாருமே குதிக்காத மாரியோ.

என்னைப் போல மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம். இதை ஸ்டேட் மெஷின் என்போம். இந்த நிலையில் இருந்தால் இது, அது நடந்தால் அந்த நிலைக்குப் போ. லூகாஸ் ஆர்ட்ஸில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கனெலும் சேர்ந்து உருவாக்கிய ஐமியூஸ் என்ற அமைப்பு இந்த யோசனையை இசைக்குள் கொண்டுவந்தது. 1991-ல் வந்த 'மங்கி ஐலண்ட் 2' கேமில் உட்டிக் என்று ஒரு ஊர். உடைந்த கப்பல்களையே வீடுகளாக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு கப்பலுக்குள் நுழைந்ததும், தெருவில் ஓடிக்கொண்டிருந்த மெட்டு அறுபடாமல் அந்த அறைக்கான வடிவத்துக்குச் சறுக்கிப் போகும். வெளியே வந்தால் திரும்பி வரும். நடுவே கோத்துவிடுவதற்கென்றே சின்னச் சின்ன இணைப்புகள் எழுதி வைத்திருந்தார்கள். கேட்பவருக்கு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துப் பார்த்து வாசிப்பதுபோல இருக்கும்.

இப்படி எழுதப்பட்ட இசைக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. அது முடிவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். கடைசிச் சுரத்திலிருந்து மறுபடி முதல் சுரத்துக்குப் போயாக வேண்டும் என்பதால், 'அவ்வளவுதான், முடிஞ்சுது' என்று சொல்லும் அழுத்தமான முடிப்பை இசையமைப்பாளர் தவிர்ப்பார். வாக்கியம் எப்போதும் ஒரு காற்புள்ளியில் நிற்கும். பழைய கேம் ஆல்பங்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள்: ரெண்டு சுற்று ஓடவிட்டு ஒலியை மெல்லக் குறைத்துவிடுவார்கள். நல்ல பேச்சின் நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு போவது மாதிரி.

*

நான் சொல்ல வருவது இதுதான். படத்திலிருந்தோ கேமிலிருந்தோ வெளியே எடுத்த இசை ஆல்பம் ஒரு மொழிபெயர்ப்பு. நல்லதும் மோசமானதுமாக இருக்க அதற்கு உரிமை உண்டு. அதை அந்த அளவுகோலில்தான் விமர்சிக்க வேண்டும். 'முழுமையான பதிப்பு' கேட்பவர்கள் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பைக் கேட்கிறார்கள். ஆவணமாக அதற்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முப்பது நொடித் துரத்தல் இசைக்குப் பின் பன்னிரண்டு நொடி மர்ம இசை, அதற்குப் பின் வேறெதோ என்று அதைக் கேட்கும்போது நாம் கேட்பது இசையை அல்ல. மனதுக்குள் படத்தை மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நல்ல மொழிபெயர்ப்புக்கு என் உதாரணம் ஆஸ்டின் விண்டரியின் 'ஜர்னி' (2012). கேமில் ஒரு பேச்சு கிடையாது. பாலைவனத்தில் ஒரு உருவம் தூரத்து மலையை நோக்கி நடக்கிறது. வழியில் உலகின் வேறெங்கோ இருந்து விளையாடும் இன்னொருவர் எதிர்ப்படலாம். அவர் யார் என்று தெரியாது, பேச முடியாது, சேர்ந்து நடக்கலாம். இசையில் டீனா குவோவின் செல்லோ நம்மோடு கூட வரும் குரல். கேமில் இது நம் நடைக்கேற்ப நீளும், காத்திருக்கும், அடுத்த கட்டத்துக்கு நகரும். ஆல்பத்துக்கு விண்டரி இதை அப்படியே கொட்டவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை தொடர்ந்து கேட்கும் ஒரே படைப்பாக ஒழுங்குபடுத்தினார். செல்லோ தனியாகத் தொடங்கும் மெட்டு, கூட்டம் சேர்ந்து, பனியில் கிட்டத்தட்ட அணைந்து, கடைசியில் உச்சிக்குப் போகும்போது முழு இசைக்குழுவாகத் திறக்கிறது. கேமைத் தொடாதவர்களுக்கும் இந்த வடிவம் புரியும். சிறந்த திரையிசைக்கான கிராமி பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் வீடியோ கேம் இசைத்தொகுப்பு இதுதான். பரிசு கிடைக்கவில்லை. அந்தப் பரிந்துரையை ஆல்பத்தின் வடிவத்துக்கும் சேர்த்துக் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சிக்கலான உதாரணம் 'மைன்கிராஃப்ட்'. டேனியல் ரோசன்ஃபெல்ட், சி418 என்ற பெயரில் வெளியிட்ட 'வால்யூம் ஆல்ஃபா' (2011) ஆல்பத்தில் 24 துண்டுகள், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. மெதுவான பியானோ, மங்கலான சிந்தசைஸர், அவ்வளவுதான். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் வீடியோ கேம் இசையாக முதலில் சேர்ந்தது மாரியோவின் மெட்டு (2023). 2025-ல் இந்த ஆல்பமும் சேர்ந்தது.

கேமில் இந்த இசை நீங்கள் செய்வதோடு ஒட்டி வருவதில்லை. பல நிமிடம் ஒன்றும் கேட்காது. மண் வெட்டும் சத்தம், எங்கோ ஒரு ஆடு. பிறகு காரணமே இல்லாமல் பியானோ தொடங்கும். அப்போது நீங்கள் மலையுச்சியில் சூரிய உதயம் பார்த்துக்கொண்டிருக்கலாம், இல்லை சுரங்கத்தில் வழிதவறி நிற்கலாம். தற்செயலாகப் பொருந்தும்போது, இது எனக்காகவே வாசிக்கப்பட்டது என்று தோன்றும். பிறகு மறுபடி நீண்ட மௌனம். ஆல்பத்தில் இந்த மௌனம் இல்லை. 24 துண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. நான் மிகவும் நேசிக்கும் ஆல்பம் இது. ஆனால் மொழிபெயர்ப்பாகப் பார்த்தால், மூலத்தின் முக்கியமான வாத்தியத்தை அது விட்டுவிட்டது.

இதன் 'ஸ்வீடன்' என்ற துண்டை என் அக்காவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். அவள் வாழ்க்கையில் ஒரு கேமும் ஆடியதில்லை. பாதியில் ஹெட்ஃபோனைக் கழற்றி, "என்னடா இது, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். யாரும் சாகவில்லை, இது பெட்டி பெட்டியாக வீடு கட்டுகிற விளையாட்டு என்றேன். "அப்புறம் எதுக்கு இவ்ளோ சோகம்?" என்று கேட்டாள். கேம் ஆடியவர்கள் இந்த இசையைப் பற்றிச் சொல்வதெல்லாம் பால்யம், விடுமுறை, இப்போது தொடர்பில் இல்லாத நண்பர்கள் என்றுதான் போகும். அது எதுவும் இல்லாத ஒருத்திக்கும் இழப்பு கேட்கிறது என்றால், அது நம் ஏக்கம் ஏற்றிவைத்தது மட்டுமல்ல. சுரங்களிலேயே இருக்கிறது.

*

நினைவைக் கழித்துவிட்டு இசையை மட்டும் நிறுக்கலாம் என்று வாதிடுபவர்களுக்கு ஒரு தமிழ் உதாரணம் வைத்திருக்கிறேன். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' (1986) எந்தப் படத்துக்கும் எழுதப்பட்டதல்ல. கர்நாடக இசையும் பாக்கும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் தனி ஆல்பம். இரண்டு வருஷம் கழித்து பாலு மகேந்திரா 'வீடு' படத்தின் பின்னணிக்கு இதையே எடுத்துக்கொண்டார். பாதி கட்டிய வீட்டை முதியவர் தனியாக வந்து பார்க்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது தனியாக இருந்த இசை, இன்று எனக்குப் பூசாத செங்கல் சுவர் இல்லாமல் கேட்பதில்லை. இசை தனியாக நிற்குமா என்ற கேள்விக்கு இது எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறது? இரண்டு பக்கமும்தான். தனியாக நின்ற ஒன்று என்பதால்தான் ஒரு படத்தையே தாங்க முடிந்தது. தாங்கிய பிறகு அதன்மேல் படத்தின் தடம் பதிந்துவிட்டது.

மற்றபடி நம் ஊரில் பாட்டுக்குத்தான் கேசட், பின்னணி இசை பெரும்பாலும் வெளியே வந்ததே இல்லை. ரசிகர்கள் படத்திலிருந்தே வெட்டி எடுத்து, வசனமும் காலடிச் சத்தமும் சேர்ந்த பிஜிஎம் துண்டுகளாகப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த உழைப்புக்கு நன்றி சொல்லியாக வேண்டும். மூல ஒலிநாடாக்கள் பத்திரமாக இருக்கும் படங்களுக்காவது முறையான ஆல்பங்கள் வர வேண்டும். வரும்போது 'மொத்தமும் இருக்கிறது' என்ற பெருமையோடு மட்டும் வரக்கூடாது. எது முன்னால், எது பின்னால், எங்கே இடைவெளி என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

கேட்பவர்கள் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. என் துறையில் பாதிப் பேர் கேம் இசையைப் போட்டுக்கொண்டுதான் கோட் எழுதுகிறார்கள். கவனத்தைக் கேட்காமல் கவனத்தைத் தாங்கிப் பிடிப்பதற்காகவே எழுதப்பட்ட இசை, வேலைக்குப் பிரமாதமாகப் பொருந்துகிறது. அதில் தப்பில்லை. ஆனால் வருஷக்கணக்கில் அப்படியே கேட்டால் நமக்குப் பிடித்த இசையை நாம் ஒருமுறைகூட முழுசாகக் கேட்டிருக்க மாட்டோம். கேமில் கைகள் விளையாட்டில் இருந்தன, அலுவலகத்தில் கீபோர்டில் இருக்கின்றன. கைகள் சும்மா இருக்கும்போது இந்த இசை என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

'வால்யூம் ஆல்ஃபா'விலிருந்தே தொடங்கலாம். ஒரு துண்டு முடிந்ததும் நிறுத்துங்கள். பத்து நிமிடம் மின்விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் மட்டும் இருக்கட்டும். அப்புறம் அடுத்ததைப் போடுங்கள்.