தலைவரும் தலைவரம்மாவும்: உள்ளாட்சியில் பெண் பதவி குறித்த வழக்குச்சொற்கள்

முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், தமிழகத்தின் தேர்தல் மரபுக்குச் சான்றாகப் பாடநூல்களிலும் மேடைகளிலும் இடைவிடாது எடுத்துக்காட்டப்படுகின்றன. முப்பது குடும்புகள், குடவோலை, கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான வயது ஆகியன அனைவரும் அறிந்தவை. அந்தணர் ஊராகிய பிரம்மதேயத்துச் சபைக்கு உரிய விதிகள் இவை என்பதும், எல்லா ஊர்க்கும் எல்லா மக்களுக்கும் பொதுவான முறை அன்று என்பதும் பெருமிதம் பேசும் இடங்களில் விடுபட்டுப் போகும் செய்திகள்.

கல்வெட்டில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் உறவினரும் தேர்வுக்கு ஆகார் என்று விதித்து, அவ்வுறவினர் யாவர் என்பதை வரிசைப்படுத்தும் பகுதி அது. சிறிய தாய், பெரிய தாய் ஆகியோரின் மக்கள், அத்தை மக்கள், தாயுடன் பிறந்தவன், மனைவியுடன் பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், மகளை மணந்த மருமகன் எனப் பட்டியல் நீள்கிறது. தகுதி கூறும் வரிகளில் பெண் இல்லை. தகுதியின்மை கூறும் இவ்வரிகளில்தான் தாயும் மனைவியும் தங்கையும் மகளும் வருகின்றனர். அவர்கள் விலக்கப்பட்டவர்களாகக்கூட வரவில்லை. ஓர் ஆணை இன்னோர் ஆணுடன் இணைக்கும் இடைச்சொற்களைப் போல வருகின்றனர். பதவி ஆணுக்குரிய சொல்லாகவும், பெண் உறவைக் குறிக்கும் சொல்லாகவும் நிற்கும் இவ்வமைப்பு ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின் என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

'பதி' என்னும் பின்னொட்டு

1992 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சி இடங்களிலும் தலைமைப் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கியது. 2006இல் பீகார் அதனைப் பாதியாக உயர்த்தியது. பின்னர்ப் பல மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. இன்று நாடெங்கும் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கை பத்து இலட்சத்திற்கும் மிகுதி. இத்தனை பெரிய மாற்றத்தை மொழி எவ்வாறு ஏற்றது என்று பார்க்கும்போது, இந்தி வழங்கும் மாநிலங்களில் புதிதாகப் பிறந்த சொற்கள் முதலில் கண்ணிற்படுகின்றன. சர்பஞ்ச் பதி, பிரதான் பதி, முக்கியா பதி, பார்ஷத் பதி என்பன அவை. ஊராட்சித் தலைவியின் கணவர், நகர்மன்ற உறுப்பினரின் கணவர் என்பன இவற்றின் பொருள்.

உத்திரமேரூர்ப் பட்டியலின் இலக்கணம் இங்கே தலைகீழாகிறது. ஆண் தன்னைப் பெண்வழி உறவால் அறிமுகம் செய்துகொள்கிறான். பதவி பெண்ணுடையது; உறவுச்சொல் ஆணுடையது. ஆயினும் அதிகாரம் பதவிச்சொல்லுடன் இடம்பெயரவில்லை, உறவுச்சொல்லிலேயே தங்கிவிட்டது. 2015 ஏப்ரல் 24இல் ஊராட்சி நாள் விழாவில் பிரதமர் நரேந்திர மோதி, தம்மை 'எஸ்.பி.' என்று அறிமுகம் செய்துகொண்டவர் ஒருவரைப் பற்றிக் குறிப்பிட்டார். காவல்துறைக் கண்காணிப்பாளரை நினைவூட்டும் அவ்வெழுத்துகளின் விரிவு 'சர்பஞ்ச் பதி' என்பதே. வேறு எத்தொழிலிலும் மனைவியின் பதவியால் பெயர் பெறுவதை ஓர் ஆண் பட்டமாக ஏற்றதாகத் தெரியவில்லை.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்க சொல் 'பிரதான் பிரதிநிதி'. கணவர், மகன், மைத்துனர் எவராயினும் தலைவிக்காகச் செயல்படுபவரை இது குறிக்கிறது. 'பிரதிநிதி' என்பதற்கு வடமொழியில் ஒன்றின் இடத்தில் நிற்பது, ஈடாக வைப்பது என்பது பொருள். மக்களுக்காக அவையில் நிற்பவரைக் குறிக்க இந்திய மொழிகள் எடுத்துக்கொண்ட இச்சொல், இங்கே பிரதிநிதிக்கும் ஒரு பிரதிநிதியை உண்டாக்குகிறது. 2025 மார்ச்சில் சத்தீசுகர் மாநிலக் கபீர்தாம் மாவட்டச் சிற்றூர் ஒன்றில், தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் உறுப்பினர்களுக்கு மாற்றாக அவர்தம் கணவர்களே பதவியுறுதி ஏற்றமை, இச்சொல்லின் பொருள் எதுவரை நீளும் என்பதைக் காட்டியது.

இவ்வழக்கைக் கலைப்பொருளாக்கியது 2020இல் வெளிவந்த 'பஞ்சாயத்' என்னும் இந்தித் தொடர். (தமிழில் இது 2024இல் 'தலைவெட்டியான் பாளையம்' என மறுவாக்கம் பெற்றது.) உத்தரப்பிரதேசத்தின் புலேரா என்னும் கற்பனைச் சிற்றூரில் தலைவி மஞ்சு தேவி, ஊரார் 'பிரதான்ஜி' என்று அழைப்பதோ அவர் கணவரை. முதற் பருவத்தின் இறுதிப் பகுதியில் குடியரசு நாளன்று மஞ்சு தேவியே கொடியேற்றியாக வேண்டிய நிலை எழ, அவர் தேசியகீதத்தை மனப்பாடம் செய்கிறார். உணர்ச்சி மிக்க காட்சி அது; பார்வையாளரும் விமர்சகரும் அதனை ஒரு விடுதலைத் தருணமாகவே கொண்டாடினர். ஆனால் அக்காட்சி பதவியின் அளவுகோலாக எதனை நிறுத்துகிறது? வரவுசெலவுப் பதிவேட்டை அவர் படிப்பதில்லை, கிராம சபையில் வினா எழுப்புவதில்லை, பாடலை ஒப்பிக்கிறார். கணவரிடம் எவரும் கேளாத தகுதித் தேர்வு மனைவியிடம் கேட்கப்படுகிறது. 2025இல் வந்த நான்காம் பருவத்தில் மஞ்சு தேவியும் கிராந்தி தேவியும் தேர்தலில் மோதுகின்றனர். சின்னங்கள் சுரைக்காயும் குக்கரும். பகை இரு கணவர்களுடையது. அடுக்களைப் பொருள்களைச் சின்னமாக்கியதில் எள்ளல் உண்டு. ஆயினும் அவ்வெள்ளல் கணவர்களைச் சுடுகிறதா, வேட்பாளர்களைச் சுடுகிறதா என்பதில் தொடருக்கே தெளிவில்லை. தொடரின் நகைச்சுவை முழுவதும் கணவர் தலைமையை ஒரு தீங்கற்ற பழக்கமாக ஏற்றுக்கொண்டால் மட்டுமே இயங்கக்கூடியது. அதே ஆண்டில் ஒன்றிய ஊராட்சி அமைச்சகம், இத்தொடரின் நடிகர்களைக் கொண்டே 'உண்மையான பிரதான் யார்' என்னும் பொருள்படும் தலைப்பில் விழிப்புணர்வுக் குறும்படம் வெளியிட நேர்ந்தது முரண்சுவை உடையது.

பெண் தலைமை வெறும் பெயரளவிலானது என்று இதனால் முடிவு கட்டுவது பிழை. மேற்கு வங்கத்தின் வீர்பூம் மாவட்டத்திலும் இராசத்தானின் உதயப்பூர் மாவட்டத்திலும் இராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ இருவரும் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்கான முதலீடு கூடியிருந்ததை நிறுவியது. கையொப்பம் மட்டும் இடும் பொம்மை குடிநீர்க் குழாயை எங்கே அமைப்பது என்று தீர்மானிப்பதில்லை. நடப்பு மாறிவரும் இடங்களிலும் வழக்குச்சொல் மாறாமல் நிற்கிறது. அதனாலேயே சொல்லைத் தனியே ஆராய வேண்டியுள்ளது.

வணக்கத்திற்குரியவளும் உறுப்பினரும்

உறவால் அழைப்பது ஒரு முறை. தெய்வமாக்கி அழைப்பது மற்றொரு முறை. மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் ஒதுக்கீட்டை நீட்டிக்கும் முயற்சி 1996இல் 81ஆம் திருத்த முன்வரைவாகத் தொடங்கியது. 2010 மார்ச் 9இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவைக்கு வாராமலே காலாவதியானது. 2023 செப்டம்பரில் மக்களவையில் 454க்கு 2 என்றும், மாநிலங்களவையில் 214க்கு எதிர்ப்பின்றியும் 106ஆம் திருத்தமாக நிறைவேறியபோது அது சூடிய பெயர் 'நாரி சக்தி வந்தன் அதிநியம்'. பெண் ஆற்றலுக்கு வணக்கம் செலுத்தும் சட்டம் என்று இதனைத் தமிழாக்கலாம். எண்ணால் மட்டும் அறியப்பட்ட முந்தைய முன்வரைவுகளில் 'ஒதுக்கீடு' ஓர் உரிமைச்சொல்லாக நின்றது. 'வந்தனம்' வழிபாட்டுச் சொல். வழிபடுபவர் காலம் தாழ்த்தலாம். அச்சட்டமும், அது நடைமுறைக்கு வந்தபின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடுத்த தொகுதி மறுவரையறைக்குப் பிறகே ஒதுக்கீடு செயற்படும் என்றுதான் விதித்தது. இடைப்பட்ட 2024 தேர்தலில் 543 பேரில் 74 பெண்களே மக்களவைக்குத் தேர்வாயினர். 2019இல் இவ்வெண் 78.

சட்டத்தின் உட்சொல் ஒன்றும் கருதத்தக்கது. ஊராட்சிக்கான விதி மூன்றிலொரு பங்கிற்குக் 'குறையாமல்' என்கிறது. 2023ஆம் ஆண்டின் திருத்தமோ மூன்றிலொரு பங்கிற்குக் 'கூடியவரை நெருங்கி' என்னும் பொருள்படும் தொடரை ஆள்கிறது. 40 உறுப்பினர் கொண்ட கோவா, மிசோரம் பேரவைகளில் முதல் தொடர்ப்படி 14 இடங்கள், இரண்டாவதன்படி 13. கீதா முகர்ஜி தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக் குழுவே, பொருள் மயக்கம் நீங்க வேண்டி 1996இல் இம்மாற்றத்தைப் பரிந்துரைத்தது. எனவே இதில் வஞ்சகம் காண்பதற்கில்லை. ஆயினும் ஊரில் கீழெல்லையாக இருந்தது தில்லியில் இலக்காகிவிட்டது.

தலைவரம்மா

தமிழில் 'பிரதான் பதி' போன்றதொரு நிலைபெற்ற சொல் தோன்றவில்லை. இது தமிழின் சிறப்பென்று கொள்வதற்கு முன் காரணத்தை ஆராய வேண்டும். தமிழில் 'பதி' தலைவனையும் கணவனையும் மட்டுமன்றி ஊரையும் குறிப்பது. சைவ சித்தாந்தத்தில் இறைவனுக்கு உரியது. 2007இல் பிரதிபா பாட்டீல் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரானபோது 'இராஷ்டிரபதி' பெண்ணுக்குப் பொருந்துமா என்று எழுந்த விவாதமும், 2022 சூலையில் திரௌபதி முர்முவைக் குறித்து 'இராஷ்டிரபத்தினி' என்று ஓர் உறுப்பினர் கூறியதால் மக்களவையில் மூண்ட அமளியும் தமிழ்ச் சொல்லுக்கு நேரவில்லை. 'தலைவர்' இருபாற்கும் பொது. உறுப்பினர், அமைச்சர், ஆளுநர், வேட்பாளர் ஆகியனவும் அவ்வாறே. ஒருவரைப் பன்மையால் கூறுவது உயர்வு கருதி வழக்கில் வருவதேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒதுக்கிவைத்த மரபே, இன்று பாலின நடுநிலையைத் தமிழுக்கு ஈட்டித் தந்துள்ளது. 'தலைவி' அகத்திணை மாந்தராகவே நின்றுவிட்டமையால் பதவிப்பெயராக அவ்வளவு வேரூன்றவில்லை.

ஆனால் இந்நடுநிலைக்கு ஒரு விலை உண்டு. 'தலைவர் கூறினார்' என்னும் தொடரில் கூறியவர் பதவியிலுள்ள பெண்ணா, அவர் கணவரா என்பது தெரிவதில்லை. இந்தியில் பல இடங்களில் வினைமுற்றே பாலைக் காட்டிவிடும். ஆதலின் கணவருக்குத் தனிப்பெயர் தேவையாயிற்று. தமிழில் தேவையாகவில்லை. கணவரும் 'தலைவர்' ஆகிவிடலாம். தலைவராகிய பெண் 'தலைவரம்மா' ஆகிறார். பேச்சுவழக்கில் அடையின்றி நிற்கும் சொல் கணவருக்கும், அடைபெற்ற சொல் பதவிக்குரியவருக்கும் சென்றடைகின்றன.

'அம்மா' என்னும் ஒட்டே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது. டாக்டரம்மா, கலெக்டரம்மா என்னும் வழக்குகளும் உள்ளன. கலெக்டரம்மாவின் கணவரை எவரும் 'கலெக்டர்' என்பதில்லை. ஆட்சியர் தேர்வெழுதிப் பணி பெற்று, பிறந்த ஊருக்கும் புகுந்த ஊருக்கும் தொலைவான இடத்தில், வீட்டினின்றும் வேறான அலுவலகத்தில் அமர்பவர். ஊராட்சித் தலைவர் புகுந்த ஊரிலேயே, உறவினர் நடுவில் பதவி வகிப்பவர். சுழற்சி முறையில் அவ்விடம் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதால் கணவர் விட்டுக்கொடுத்த இடமாகவும், அடுத்த சுழற்சியில் அவருக்கே மீளும் இடமாகவும் ஊர் அதனை எண்ணுவதுண்டு. ஒட்டு ஒன்றாயினும் பதவியின் இருப்பிடம் வேறு.

இங்கே 'வாத்தியாரம்மா' துணைக்கு வருகிறது. ஆசிரியரின் மனைவி, பெண் ஆசிரியர் என்னும் இருபொருளும் அச்சொல்லுக்கு உண்டு. பெண்கள் பள்ளிப் பணிக்குப் பெருமளவில் வரவர இரண்டாம் பொருள் முன்னேறி, முதற்பொருள் அருகியது. 'தலைவரம்மா' இன்னும் இடைவழியில் நிற்கிறது. தலைவரின் மனைவி என்னும் பழம்பொருள் மறையாமலே தலைவராகிய பெண் என்னும் பொருள் சேர்ந்துள்ளது. அதனால் பதவியேற்ற பெண்ணை அழைக்கும்போதும் பழம்பொருளின் நிழல் படிகிறது. வட்டார வழக்ககராதி தொகுப்போர் இச்சொல்லைப் பதிவுசெய்யும்போது இருபொருளையும் ஆண்டு, இடக் குறிப்புகளுடன் தனித்தனியே தருதல் வேண்டும். 73ஆம் திருத்தத்திற்கு முன்னும் பின்னுமான நாளிதழ்ச் செய்திகளும் கிராம சபைப் பதிவேடுகளும் அதற்கு மூலமாகும். பொருள்வரிசையில் எதனை முதலில் வைப்பது என்பதை அச்சான்றுகளின் எண்ணிக்கையே முடிவு செய்யட்டும்.