ரவென்னாவின் கண்ணாடித் துண்டுகள்

இத்தாலியின் கலைநகரங்களில் ஒரே ஒன்றுக்குத்தான் வார இறுதியில் போக முடியும் என்றால், நான் ரவென்னாவைச் சொல்வேன். முக்கியமான இடங்கள் பலவற்றை நடந்தே பார்த்துவிடலாம். சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து உருவாக்கிய அந்நகரின் மொசைக்குகளின் எதிரே நிதானமாக நிற்கவும் நேரம் மிஞ்சும்.

5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லா பிளாசிடியா நினைவு மண்டபம், வெளியே எளிமையாகத் தெரியும் செங்கல் கட்டடம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் அடர்நீல விதானம், அது நிறையப் பொன் நட்சத்திரங்கள். சன்னல்களில் அலபாஸ்டர் கல் பலகைகள் பதித்திருப்பதால் வெளிச்சம் தேன் நிறமாகிக் கசிகிறது.

மொசைக்கில் பதிக்கும் பொன் துண்டு உருவாகும் விதமே அழகு. கண்ணாடிமேல் மெல்லிய தங்கத் தாளை ஒட்டி, அதன்மேல் இன்னொரு கண்ணாடிப் படலத்தை உருக்கிச் சேர்ப்பார்கள். ஈரச் சுண்ணச் சாந்தில் துண்டுகளை ஒரே மட்டமாக வைக்காமல் சற்றே சாய்த்துப் பதிப்பார்கள். நாம் ஓரடி நகர்ந்தாலும் மினுக்கம் வேறொரு துண்டுக்குத் தாவுவது அதனால்தான்.

547இல் திருநிலைப்படுத்தப்பட்ட சான் விட்டாலே தேவாலயத்தில் பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் எதிரெதிர்ச் சுவர்களின் மொசைக்குகளில் பரிவாரங்களோடு நிற்கிறார்கள். தியோடோராவின் மேலாடைக் கரையைக் கவனியுங்கள்: காணிக்கை ஏந்திய மூன்று ஞானியர் அங்கே சின்னஞ்சிறு உருவங்களாக நடக்கிறார்கள். ஆடையின் ஓரத்துக்கும் இவ்வளவு அக்கறை காட்டிய அந்தப் பெயர் தெரியாத கைவினைஞர்களே என் பார்வையில் ரவென்னாவின் உண்மையான பேரரசர்கள்.