பெட்டி கட்டும் குடும்பங்களின் புத்தகங்கள்

வேலைக்காக நாடு விட்டு நாடு போகும் குடும்பங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தனி நூல்வகையே வளர்ந்து நிற்கிறது. கணவனுக்கு மாற்றல் வந்ததும் தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போன மனைவியின் நினைவுக் குறிப்புகள், நாட்டுக்கொரு பள்ளியில் படித்து வளர்ந்தவர்களின் தன்வரலாறுகள், புதிய ஊரில் குடும்பம் நடத்த வழிகாட்டும் கையேடுகள் எல்லாம் இதில் அடக்கம். வசதி படைத்தவர்களின் புலம்பல் என்று இவற்றை ஒதுக்குவோர் உண்டு. அந்தத் தீர்ப்பு நியாயமானதல்ல. இந்த நூல்கள் ஓர் உண்மையான துயரைப் பேசியிருக்கின்றன. அதே துயரை இன்னும் கடுமையாக அனுபவித்தவர்களுக்கு அவற்றில் இடம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

இந்த எழுத்தின் ஒரு வேர் இந்தியாவில் இருக்கிறது. 1950களில் அமெரிக்கச் சமூகவியலாளர்களான ஜான் யூசிம், ரூத் ஹில் யூசிம் தம்பதி, இங்கே பணியாற்றிய அமெரிக்கர்களின் வாழ்க்கையை ஆராய வந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பெற்றோரின் நாட்டிலும் ஒட்டாமல், வளர்ந்த நாட்டிலும் முழுதாகச் சேராமல் இருப்பதைக் கவனித்த ரூத், அவர்களுக்கு ‘மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்’ என்று பெயர் வைத்தார். மிஷனரிப் பிள்ளைகளுக்காகக் கொடைக்கானலில் 1901இல் தொடங்கிய பள்ளி, இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, இப்படிப்பட்டவர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறது. 1999இல் டேவிட் பொல்லாக்கும் ரூத் வான் ரெக்கனும் இதே பொருளில் எழுதிய நூல்தான் இத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் படிக்கப்படுகிறது.

வான் ரெக்கனின் முந்தைய நூலான ‘லெட்டர்ஸ் நெவர் சென்ட்’ (1988) இந்த வகையின் பலத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. நைஜீரியாவில் மிஷனரிக் குடும்பத்தில் வளர்ந்த அவரை ஆறு வயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அப்போது பெற்றோருக்குச் சொல்ல முடியாமல் போனதையெல்லாம், நாற்பதை நெருங்கும் வயதில், அந்தச் சிறுமியின் குரலிலேயே கடிதங்களாக எழுதினார். பெற்றோர் அன்பானவர்கள், போன காரியமும் அவர்கள் நம்பிக்கையில் உயர்ந்தது. அதனாலேயே பிள்ளையால் தன் வேதனையைக் குறை என்று சொல்ல முடியவில்லை. யாரையும் குற்றவாளியாக்காமல் அந்த வேதனையை எடுத்து வைத்தது அந்தப் புத்தகத்தின் சாதனை.

ஆவணம் என்ற அளவிலும் இவற்றுக்கு மதிப்பு உண்டு. ஷெல் எண்ணெய் நிறுவன ஊழியர்களின் மனைவிமார் உலகெங்குமுள்ள ஷெல் குடும்பங்களின் அனுபவங்களைத் திரட்டி 1993இலும் 1996இலும் இரண்டு தொகைநூல்கள் கொண்டுவந்தார்கள். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான் தி ஹேக் நகரில் உள்ள வெளிநாட்டுவாழ் குடும்பங்களின் ஆவணக் காப்பகம். நிறுவனத்தின் வரலாற்றில் இடம்பெறாத பெண்களின் உழைப்பு அங்கே ஏட்டில் ஏறியது.

குறைகளில் முதலாவது, பதிப்பு முறையிலிருந்தே வருகிறது. பெரிய பதிப்பகங்கள் இந்த நூல்களை அதிகம் ஏற்பதில்லை. பிரிஜிட் கீனன் என்ற பத்திரிகையாளர் தூதரக அதிகாரியின் மனைவியாக வாழ்ந்ததை எழுதிய ‘டிப்ளமேட்டிக் பேகேஜ்’ (2005) போன்றவை விதிவிலக்குகள். மற்றவை பெரும்பாலும் சிறு பதிப்பகங்கள் வழியாகவோ ஆசிரியரின் சொந்தச் செலவிலோ வருகின்றன. வாங்குபவர்களும் அதே வட்டத்துக் குடும்பங்கள், சர்வதேசப் பள்ளிகள், இடமாற்ற ஆலோசகர்கள். வாசகருக்கு உடனடிப் பயன் இருந்தால்தான் புத்தகம் விற்கும். ஆகவே துயரம் இரண்டு பக்கம் வந்ததுமே அறிவுரை வந்துவிடுகிறது. அத்தியாய முடிவில் பயிற்சிக் கேள்விகளும் சேர்ந்துகொள்கின்றன. தீர்வு இல்லாத இழப்பைச் சொல்ல அந்த வடிவத்தில் இடமில்லை.

இரண்டாவது குறை பிள்ளைகளைப் பற்றியது. தாய் எழுதும் நூலில் மகனின் பள்ளித் தோல்வியும் மகளின் மனச்சோர்வும் சம்பவங்களாகின்றன. வான் ரெக்கன் எழுதியது தன் சொந்தக் குழந்தைப் பருவத்தை. இன்னொருவருடைய குழந்தைப் பருவத்தை, அவர் வளர்ந்து சம்மதம் சொல்லும் முன்பே அச்சேற்றுவது வேறு காரியம்.

மூன்றாவதுதான் பெருங்குறை. பொல்லாக் வகுத்த விடைபெறும் முறையை எடுத்துக்கொள்வோம். ஊரை விட்டுப் போகுமுன் மனத்தாங்கல்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், மனிதர்களோடு இடங்களிடமும் பொருள்களிடமும் விடைபெற வேண்டும், போகும் ஊரைப் பற்றி யோசிக்க வேண்டும். அருமையான வழிமுறை. ஆனால் பயணத் தேதி முன்பே தெரிந்தவர்களுக்குத்தான் அது கைகொடுக்கும். 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் நாடு திரும்பினார்கள். வீட்டையும் சேமிப்பையும் விட்டுவிட்டு ஜோர்டான் வரை போய் விமானம் ஏறிய அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் யாரிடம், எப்போது விடைபெற்றிருப்பார்கள்?

குடும்பத்தோடு போவதே பலருக்கு வாய்ப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும் என்பது 2019இல் வந்த விதி. அதற்குக் கீழே சம்பளம் வாங்கும் கொத்தனாரின் குடும்பம் ஊரில் இருக்கிறது. குழந்தை அப்பாவை அலைபேசித் திரையில் பார்த்து வளர்கிறது. அதுவும் வெளிநாட்டு வேலை உண்டாக்கிய குடும்ப வாழ்க்கைதான். மேற்சொன்ன நூல்வகை அதைத் தன் பொருளாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தை நிரப்பியவை புனைகதைகளே. பென்யாமினின் மலையாள நாவல் ‘ஆடுஜீவிதம்’ (2008), கர்ப்பிணி மனைவியை விட்டு சவூதிக்குப் போய்ப் பாலைவனத்தில் அடிமைப்பட்டவனின் கதை. அபுதாபியில் வளர்ந்த தீபக் உன்னிகிருஷ்ணனின் ‘டெம்பரரி பீப்பிள்’ (2017), எத்தனை ஆண்டு இருந்தாலும் குடியுரிமை கிடைக்காத ஊரில் வாழ்வோரை எழுதியது. இவற்றில் அறிவுரை இல்லை. ஆகவே துயரத்தைக் கடைசிவரை பார்க்கும் துணிவு இருக்கிறது.

ஆங்கில நூல்வகையிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் திரட்டும் உழைப்பை. ஷெல் மனைவிமார் செய்ததை இராமநாதபுரத்திலும் கடலூரிலும் செய்யலாம். வளைகுடாவிலிருந்து வந்த கடிதங்களும் பேச்சைப் பதிந்து அனுப்பிய கேசட்டுகளும் இன்னும் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவை மக்கிப்போகும் முன் தமிழ்ப் பதிப்பாளர்கள் அவற்றைத் தேடிப் போக வேண்டும். வெளிநாடு போனவர், ஊரில் காத்திருந்தவர், வளர்ந்துவிட்ட பிள்ளை என்று ஒரே குடும்பத்தின் மூவரும், அவரவர் சம்மதத்தோடு, அவரவர் பங்கை எழுதும் நூல் ஒன்று வரட்டும். அதுவே இந்த நூல்வகையின் குறையைத் தீர்க்கும்.