திரை கண்டதும் மனிதர் கொண்டதும்

கால்பந்தாட்ட நடுவருக்கு வீடியோவின் துணை வேண்டுமா? 2010 உலகக் கோப்பையில், ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் உதைத்த பந்து கோட்டைத் தெளிவாகக் கடந்தது. நடுவர் கோல் தரவில்லை. உலகே கண்டதை அவர் ஒருவர் காணாதிருத்தல் நீதியாமோ? எனவே, வேண்டும் என்பதே என் விடை.

ஆயினும், கருவி வந்தால் பிழை ஒழியும் என்போர் 2023 செப்டம்பர் 30 அன்று லண்டனில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கட்டும். டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் ‘ஆஃப்சைடு’ என மறுக்கப்பட்டது. திரை உண்மையையே காட்டிற்று. திரைமுன் அமர்ந்திருந்தவரோ, களத்தில் கோல் வழங்கப்பட்டுவிட்டதாக எண்ணி, ‘சரிபார்த்தாயிற்று’ என்றார்! தவறு புரிந்தபோது ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது. தொடங்கியபின் தீர்ப்பை மாற்ற விதி இடந்தரவில்லை. டாட்டன்ஹாம் 2-1 என வென்றது.

ஒரு நிமிடம் ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் எவருக்கு என்ன இழப்பு? (மயிரிழை ஆஃப்சைடுக்குப் பல நிமிடம் காத்திருக்க வைப்பவர்கள்தாமே!) உற்ற நேரத்தில் தெரியவந்த பிழையையேனும் திருத்த நடுவருக்கு அவ்விதி வழிவிட வேண்டும்.