கலம் அழைக்கும் விளக்கு

தமிழர் கடலோடிய பெருமையைப் பேசாத தமிழ் விழா அரிது. காற்றின் இயல்பறிந்து மரக்கலம் செலுத்திய முன்னோரைப் போற்றும் புறநானூற்று 66ஆம் பாட்டின் தொடக்க அடிகளை மேடைதோறும் கேட்கிறோம். அப்பெருமை மெய்யே. ஆயினும் அவ்வடிகளோடு நின்றுவிடுவது அப்பாட்டைக் கற்றதாகுமா என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

அதனைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். பாடப்பெற்றவன் வெண்ணிப் போரில் வென்ற கரிகால் வளவன். காற்றை ஏவல் கொண்டவனின் வழித்தோன்றலே என அவனை விளித்துத் தொடங்குகிறார் புலவர். அவன் வெற்றியை ஒப்புக்கொண்ட மறுகணமே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த பகைவன் அவனினும் மேலானவன் அல்லனோ என வினவுகிறார். வென்றவன் முகத்துக்கு எதிரே தோற்றவனின் மானத்தை உயர்த்திப் பேசிய அத்துணிவே பாட்டின் உயிர். கலம் செலுத்திய புகழ் அதற்கு அமைந்த வாயில். நாமோ வாயிலின் அழகைப் பாராட்டிவிட்டு உள்ளே நுழையாமல் திரும்புகிறோம். அலுவலகக் கோப்பின் முதற் பத்தியை மட்டும் படித்துக் குறிப்பெழுதினால் எந்த மேலதிகாரி ஒப்புவார்?

அகநானூற்று 255ஆம் பாட்டுக்கும் இதே கதிதான். மதுரை மருதன் இளநாகனார் இயற்றிய இதில், பெருங்கலம் ஒன்று இரவும் பகலும் ஓயாது கடலைப் பிளந்து செல்கிறது. காற்று அதனை உந்துகிறது. கலத்தை இயக்கும் நீகான், உயர்ந்த மாடத்தின் விளக்கொளியால் திசையறிந்து செலுத்துகிறான். பண்டைக் கடற்பயணத்துக்கு இது சிறந்த சான்று என்பர் ஆய்வாளர், அதில் ஐயமில்லை. ஆனால் பேசுவது யார்? நீகான் அல்லன், கலத்தில் சென்றவனும் அல்லன். கரையில் பிரிவாற்றாது வருந்தும் தலைவி, தன் தோழியிடம் பேசுகிறாள். அந்தக் கடல்வழி முழுவதும் அவள் நெஞ்சிலேதான் ஓடுகிறது. அலையும் காற்றும் விளக்கும் அவள் கவலையின் அளவுகள். அவளை நீக்கிவிட்டுக் கலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நமக்கு வரலாற்றுக் குறிப்பு கிடைக்கும், கவிதை கிடைக்காது.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வானத்தைத் தாங்கும் தூண் போன்றதும் ஏணி சாத்தி ஏறவேண்டியதுமான கூரையற்ற மாடத்தைக் காட்டுகிறார். இரவில் அதன் உச்சியில் இட்ட நெருப்பு கலங்களைக் ‘கரையும்’ என்பது அவர் வாக்கு. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோம் அல்லவா? கலங்கரை விளக்கம் என்பதில் உள்ள ‘கரை’ கடற்கரையன்று. கலத்தை அழைக்கும் குரல். ஒளிக்குக் குரல் தந்த இந்நயத்தை, அச்சொல்லை நாள்தோறும் வழங்கும் நாம் மறந்துவிட்டோம்.

தலைநகரில் வாழும் நமக்கும் வழியறிதல் அன்றாடப் பாடே. 1973இல் குடமுழுக்குக் கண்ட இராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயில், வந்தேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு வழிபாட்டிடமாக மட்டுமன்றி வழியடையாளமாகவும் விளங்கி வருகிறது. “மலை மந்திரிலிருந்து எத்தனையாவது திருப்பம்?” என்று கேட்டே வீடு கண்டுபிடித்தவர் நம்மில் பலர். இன்று கைப்பேசி ஒவ்வொரு சந்துக்கும் வழி காட்டுகிறது. எனினும் வழி காட்டுதல் வேறு, வா என்று அழைத்தல் வேறு.

பொருள் தேடி வடக்கே வந்த நாம் அந்த அகப்பாட்டின் தலைவனுக்கு உறவினர். கடற்பெருமை பேசும்போது கலத்தின் மேல்தளத்தில் நின்று பேசுகிறோம். பாட்டோ நம்மைக் கரைக்கு இறக்கி, நம் வரவை எண்ணி ஊரில் நாட்கடத்தும் தாய் தந்தையர் கண்களால் நம்மையே பார்க்கச் செய்கிறது. பெருமையினும் அரியது இப்பார்வை. ஆகவே சங்கத்தின் மாதக் கூட்டங்களில் மேற்கோள் மழையைச் சற்றே நிறுத்தி, திங்களுக்கு ஒரு பாட்டையேனும் முதலடி முதல் ஈற்றடி வரை நம் பிள்ளைகளோடு அமர்ந்து படிப்போமாக. முன்னோர் ஏற்றிய விளக்கு அழைப்பது அப்போதுதான் அவர்கள் செவிக்கும் எட்டும்.