மூன்று முறை திரும்பி வந்த கட்டுரை: ராமானுஜனின் முதல் மேனுஸ்கிரிப்ட்

ராமானுஜன் கதையை நாம சொல்ற விதத்துல எனக்கு ரொம்ப நாளா ஒரு குறை உண்டு. கும்பகோணத்துப் பையன், நாமகிரித் தாயார், நோட்டுப்புத்தகம், 1913 ஜனவரியில் ஹார்டிக்கு ஒரு கடிதம், அப்புறம் கேம்பிரிட்ஜ். ராபர்ட் கானிகலின் புத்தகத்தை வைத்து 2015-ல் வந்த ஆங்கிலப் படமும் ஹார்டியைச் சுற்றித்தான் நிற்கும். இதில் விட்டுப்போவது ஒன்று: ஹார்டிக்கு எழுதும்போது ராமானுஜன் ஏற்கெனவே ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டவர். 1911-ல், 23 வயதில், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் பெர்னூலி எண்களின் சில பண்புகள் பற்றி 17 பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறார். பட்டம் கிடையாது. எஃப்.ஏ. தேறவில்லை. வேலை இல்லை. இன்றைய பாஷையில் சொன்னால் 'இண்டிபெண்டன்ட் ரிசர்ச்சர்'.

அந்தக் கட்டுரையின் கணித மதிப்பைப் பற்றிப் பெரியவர்கள் நிறைய எழுதியாச்சு. நான் பார்க்க நினைப்பது அதை ஒரு மேனுஸ்கிரிப்டாக. எப்படி உள்ளே போனது, யார் திருத்தினார்கள், எது தப்பித்தது. நான் கணிதப் பேராசிரியர் இல்லை. பி.இ. முடிச்சு இருபது வருஷமா சாஃப்ட்வேர் எழுதுறவன். மத்தவங்க எழுதின கோடை ரிவ்யூ பண்றது என் வேலையில் பாதி. அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

சின்னக் கதவு

கழகத்தை 1907-ல் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் பேராசிரியர் இல்லை, டெபுடி கலெக்டர். வருவாய்த்துறை வேலைக்கு நடுவில் கணிதம் பார்த்தவர். 1909 முதல் கழகத்துக்கு ஓர் இதழ். ஆசிரியர், பெங்களூர் சென்ட்ரல் காலேஜின் எம்.டி. நாராயண ஐயங்கார்.

1910-ல் ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போய் ராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டுப்புத்தகத்தைப் பார்த்தவர், இந்த ஆளைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைத்து வீணாக்கக் கூடாது என்று, வேலைக்குப் பதிலாகச் சென்னைக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தர ஒப்புக்கொண்டார். ஸ்காலர்ஷிப் என்று பெயர் இல்லையே தவிர அது ஸ்காலர்ஷிப்தான்.

இதழில் கட்டுரைப் பகுதி தவிர இன்னொரு பகுதியும் இருந்தது: வாசகர்கள் கணக்கு அனுப்பலாம், மற்ற வாசகர்கள் விடை அனுப்பலாம். ராமானுஜன் உள்ளே வந்தது முதலில் இந்தச் சின்னக் கதவு வழியாகத்தான். 1911-ல் அவர் அனுப்பிய 289-ம் எண் கேள்வி இன்றைக்கு யூடியூபில்கூடப் பிரபலம். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், முடிவே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும், மதிப்பு என்ன? மாதக்கணக்கில் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

இதில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. ஒரு பக்கக் கேள்விக்கு முன்னுரை வேண்டாம், ஆய்வுப் பின்னணி வேண்டாம், எழுதுபவரின் தகுதி வேண்டாம். கணக்கு நல்லா இருக்கா, இல்லையா, அவ்வளவுதான். முழுக் கட்டுரை வருவதற்குள் ஆசிரியருக்கு இந்தப் பெயர் பழகிவிடும்.

மூன்று சுற்று

பெர்னூலி கட்டுரை நேராக அச்சுக்குப் போகவில்லை. ஆசிரியருக்கும் ராமானுஜனுக்கும் இடையே மூன்று முறை போய் வந்தது என்று கானிகல் எழுதுகிறார். காரணத்தை நாராயண ஐயங்காரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாரம் இது: முறைகள் புதுசு, ரொம்பச் சுருக்கம், எழுத்தில் தெளிவு இல்லை, சாதாரண வாசகரால் பின்தொடர முடியாது.

ஏன் அப்படி எழுதினார் என்பது தெரிந்த கதை. அவர் கணிதம் கற்றது ஜி.எஸ். கார் எழுதிய தொகுப்பு நூலில். ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் வரிசையாக இருக்கும், நிரூபணம் பேருக்குத்தான் இருக்கும். அதைப் படித்து வளர்ந்தவர் அதே மாதிரி எழுதியதில் ஆச்சரியம் இல்லை.

நான் கவனிக்கச் சொல்வது ஆசிரியர் என்ன செய்தார் என்பதை. 'எங்கள் இதழுக்குப் பொருந்தாது' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். பட்டம் கூட இல்லாத பையன், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அல்லது ராமசாமி ஐயர் சிபாரிசு என்று கண்ணை மூடிக்கொண்டு அச்சிட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல் திருப்பி அனுப்பினார், திரும்ப வாங்கினார், மறுபடி அனுப்பினார். கடைசியில் அச்சான வடிவத்தில் எட்டுத் தேற்றங்கள். மூன்றுக்கு நிரூபணம், இரண்டு கிளைத்தேற்றம், மூன்று வெறும் ஊகம். எது எந்த வகை என்று வாசகர் பிரித்துப் பார்க்க முடிகிறது. நோட்டுப்புத்தகத்துக்கும் கட்டுரைக்கும் உள்ள வித்தியாசமே இந்தப் பிரிப்புதான்.

தப்பித்த வரி

ஆனா ரிவ்யூ முழுசா ஜெயிச்சுதா? இல்லை.

1 முதல் ஒரு எண் வரை எல்லா எண்களின் வர்க்கத்தை, கனத்தை, நாலாம் அடுக்கைக் கூட்டும் சூத்திரங்களில் திரும்பத் திரும்ப வரும் பின்னங்கள்தான் பெர்னூலி எண்கள். குறியை விட்டுவிட்டால் 2-வது எண் 1/6, 4-வது 1/30, 6-வது 1/42, 12-வது 691/2730. பகுதிகளைப் பாருங்கள்: எல்லாம் 6-ஆல் வகுபடும். ராமானுஜன் இதைச் சொல்கிறார், சரிதான். ஆனால் இந்தப் பகுதிகளின் முழு அமைப்பையும் 1840-லேயே ஃபான் ஸ்டாட், கிளாசன் என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்துவிட்டார்கள். 71 வருஷம் பழைய விஷயம். இன்றைய ரெஃப்ரியாக இருந்தால் முதல் கமென்ட்டே இதுதான்.

அடுத்தது கொஞ்சம் தீவிரம். பெர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால், மேலே நிற்கும் தொகுதி ஒரு பகா எண் என்கிறார். ஊகம் என்ற பெயரில்கூட இல்லை, பார்த்தாலே தெரியும் என்கிற தொனியில். 12-வதற்கு 691, 16-வதற்கு 3617, 18-வதற்கு 43867. மூன்றும் பகா எண்கள். சில இடங்களில் 1 வரும், அதையும் சேர்த்துக்கொண்டால் அழகாகத்தான் போகிறது. 20-வதில் உடைகிறது. அங்கே வரும் 174611 என்பது 283 பெருக்கல் 617. 22-வதிலும் உடைகிறது: 77683 என்பது 131 பெருக்கல் 593.

பைத்தானில் நாலு வரி, ஒரு நொடிகூட ஆகாது. 1911-ல் அது இல்லையே என்பீர்கள். 283 என்பது 61-வது பகா எண். அதாவது கையால் வகுத்துப் பார்த்தாலும் 61 முயற்சிகளில் அகப்பட்டிருக்கும். ஒரு மதியம் போதும். மூன்று சுற்று போயும் யாரும் அந்த மதியத்தைச் செலவழிக்கவில்லை. வாக்கியம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், உண்மையாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. 'கோட் நல்லா படிக்கிற மாதிரி இருக்கு' என்று அப்ரூவ் பண்ணிவிட்டு டெஸ்ட் ஓட்டாமல் விடுவதற்குச் சமம்.

அப்போ நாராயண ஐயங்கார் தோற்றாரா? எனக்கு அப்படித் தோணலை. எல்லாவற்றுக்கும் நிரூபணம் கொடு என்று பிடிவாதம் பிடித்திருந்தால் கட்டுரையே வந்திருக்காது. 1912-ல் ராமானுஜனின் வேலை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் எம்.ஜே.எம். ஹில்லிடம் போனது. அனுப்பியவர் மெட்ராஸ் இன்ஜினியரிங் காலேஜின் சிவில் பேராசிரியர் கிரிஃபித், அதாவது நம்ம கிண்டி காலேஜின் முன்னோர். ஹில் குறைகளைச் சொன்னார், முடிவிலாத் தொடர்கள் பற்றி எந்தப் புத்தகம் படிக்கணும் என்றார், கையெழுத்துப் பிரதி தெளிவாக, பிழையில்லாமல், விளக்காத குறியீடு இல்லாமல் இருக்கணும் என்றார். மேனுஸ்கிரிப்ட் பற்றி இன்றைக்கும் வேறு அறிவுரை கிடையாது. கடிதம் எழுதப்பட்ட மற்ற இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களைவிட ஹில் உபயோகமானவர். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு

போன வருஷம் ஒரு இதழின் தளத்தில் 'நிறுவனம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே விடவில்லை. 'சிட்லபாக்கம், சென்னை 64' என்று போட்டேன். ஒன்பதாம் நாள் பதில்: எங்கள் எல்லைக்குள் வரவில்லை. எந்தப் பக்கம், எந்த வாதம், எதுவும் இல்லை. இன்னொரு பக்கம் வாரம் தவறாமல் மெயில் வருது: 'மதிப்புக்குரிய பேராசிரியரே, 72 மணி நேரத்தில் பிரசுரம்.' கீழே கட்டண விவரம். ஒருத்தர் படிக்காமல் மறுக்கிறார், இன்னொருத்தர் படிக்காமல் ஏற்கிறார். நடுவில் நாராயண ஐயங்கார் செய்த வேலைதான் காணோம்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. அன்றைக்கு அது ஒரு சின்னக் கழகத்தின் இதழ். இன்றைக்கு இங்கே பதவி உயர்வு முதல் எல்லாம் கட்டுரை எண்ணிக்கையில் நிற்கிறது, வரத்து குவிகிறது, ரெஃப்ரிக்குச் சம்பளம் கிடையாது. போலி இதழ்களை வடிகட்ட யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எது நல்ல இதழ் என்பதை இனி நிறுவனங்களே முடிவு செய்யணும். நிறுவனமே இல்லாத நம்ம மாதிரி ஆட்கள் தனியாகத்தான் முடிவு செய்யணும்.

என் பக்கத்தில் நான் வைத்திருக்கும் முறை இது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் குறிக்கிறேன்: நிரூபித்தது, இன்னொருவர் நிரூபித்தது, என் ஊகம். மூன்றாவது வகையில் வருவதை எல்லாம் முடிந்த வரை கணினியில் உடைக்கப் பார்க்கிறேன். பிறகு அந்தத் துறையில் இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, எங்கே நின்றீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். இதழைத் தேர்வு செய்யும்போது, அங்கே வெளியான கட்டுரைகளில் 'பெறப்பட்ட நாள், திருத்தி வந்த நாள், ஏற்ற நாள்' மூன்றும் போட்டிருக்கிறார்களா, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கிறேன். வாசகர் குறிப்பு, கடிதம், சிறு கேள்வி என்று ஏதாவது பகுதி இருந்தால் முதலில் அதற்கு அனுப்புகிறேன். 289-ம் கேள்வி போன வழி அது.