எத்தனை பேருந்து, எவ்வளவு இடைவெளி?

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை திருவிழா. 1972-இல் சோழன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கி, 1997-இல் பெயர் மாறிய கும்பகோணம் அரசுப் போக்குவரத்துக் கழகம் அப்போது சிறப்புப் பேருந்துகளை விடுகிறது. நல்லதுதான். விழாக் கூட்டத்திற்கு எண்ணிக்கை முக்கியம். வண்டி நிரம்பியதும் அனுப்பிவிடலாம். ஆனால் கொடி இறங்கிய பிறகு, மாவட்டத் தலைநகரான நாகப்பட்டினத்திற்குத் தினமும் போய்வரும் உள்ளூர்க்காரருக்கு அந்த அளவுகோல் பொருந்துமா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு இரண்டு பேருந்துகள் என்று வைத்துக்கொள்வோம். 30 நிமிடத்திற்கு ஒன்றாக வந்தால் நீங்கள் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பீர்கள். அதே இரண்டும் 10 நிமிட இடைவெளியில் வந்து போய்விட்டால், அடுத்த வண்டிக்கு 50 நிமிடம். ஆறில் ஐந்து பங்குப் பயணிகள் அந்த நீண்ட இடைவெளியில்தான் நிறுத்தத்திற்கு வருவார்கள். மொத்தச் சராசரி ஏறத்தாழ 22 நிமிடம்! பேருந்து ஒன்றும் குறையவில்லை, பாருங்கள்.

தாமதமான வண்டி நிறுத்தந்தோறும் கூடுதல் ஆட்களை ஏற்றி மேலும் தாமதமாகும். பின்வண்டி காலியாக விரைந்து வந்து அதைப் பிடித்துவிடும். பின்வண்டியை நிலையத்திலேயே சற்று நிறுத்தி அனுப்ப நேரக்காப்பாளரின் கைக்கடிகாரம் போதும். கழகம் தன் சேவையை வண்டிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளந்தால், நிறுத்தத்தில் கழியும் இந்த நிமிடங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறமாட்டா.